கடற்கரையில் கட்டிய கயிறு

கல்யாண வேலைக்கு ஆள் பிடிப்பதில் வினிதா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். சமையல்காரர் தூக்கில் கொண்டுவந்து காட்டும் மாதிரிச் சாப்பாட்டைத் தொடமாட்டாள். அவர் வேறு எங்கோ சமைக்கிற கல்யாணத்துக்கு அழைப்பில்லாமலே போய், கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். முதல் பந்தியில் யார் வைத்த சாம்பாரும் நன்றாகத்தான் இருக்கும். கடைசிப் பந்திக்குள் அதில் எவ்வளவு வெந்நீர் சேர்கிறது என்பதைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்பாள். பந்தல்காரர் கட்டும்போது போகமாட்டாள், பிரிக்கும்போது போவாள். ஆணிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறவரா, மணலிலேயே விட்டுவிட்டுப் போகிறவரா என்று நின்று பார்ப்பாள். வெறுங்காலோடு கரையில் நடக்கிறவர்கள் வீட்டில் பிறந்தவளுக்கு அது முக்கியமாகப் பட்டது.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்க்கத் திரும்பும் ஒரு சந்தின் முடிவில் இருக்கிறது அவளுடைய குப்பம். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா குப்பம்மா, கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போய் மாமல்லபுரத்துத் தெருக்களில் விற்கிறவள். செங்கல்பட்டில் பி.காம். முடித்துவிட்டு வினிதா முதலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மாலை வாடிவிட்டது, மேளக்காரர் வழி தெரியாமல் நிற்கிறார், ஜெனரேட்டர் அணைந்துவிட்டது என்று அவளிடம்தான் ஓடிவருவார்கள். இரண்டு போன் செய்து அவள் சரிசெய்துவிடுவாள். அதைப் பார்த்துத்தான் அபிஷேக் அவளைத் தன் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டான்.

அபிஷேக் சென்னையில் இருந்துகொண்டு கடற்கரைக் கல்யாணங்களை எடுத்து நடத்துகிறவன். இனிமையாகப் பேசுவான். கேட்கிறவர் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லமாட்டான். முடியாததை முடித்துத் தருவது வினிதாவின் வேலை. கோஆர்டினேட்டர் என்று அட்டை அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டான். கறுப்புக் கோட்டு ஒன்றும் தைத்துக் கொடுத்தான். தை மாதத்து வாடைக்காற்றில் உயரமாகப் பந்தல் போடச் சொல்வான். நாள் முழுவதும் வெயிலில் நிற்கப்போகிற பூ அலங்காரத்துக்கு, வந்து இறங்கியதுமே வாடிவிடுகிற பூவைக் காட்டி ஆசை மூட்டியிருப்பான். அவன் கொடுத்த வாக்கை எல்லாம் காப்பாற்றிக் காப்பாற்றி வினிதாவுக்கு எந்நேரமும் ஒரு எரிச்சல் இருந்துகொண்டே இருந்தது. கோபக்காரி என்ற பெயர் திருக்கழுக்குன்றம் வரைக்கும் பரவியிருந்தது.

ஒரு பூக்காரர் முன்வரிசைக்குச் சம்பங்கியும் ரோஜாவும் வைத்துவிட்டுப் பின்பக்கம் பிளாஸ்டிக் பூவைச் செருகியதைக் கண்டுபிடித்து, மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் அத்தனையையும் பிடுங்கவைத்தவள் அவள். ஆனாலும் அந்த வேலைக்காரர்கள் அவளை விட்டுப் போகவில்லை. காரணம் சாப்பாடு. அந்த ரிசார்ட்டுகளில் பந்தல் கட்டுகிறவர்களுக்கும் விளக்கு போடுகிறவர்களுக்கும் விருந்தாளிகள் சாப்பிட்டு மிஞ்சினால்தான் இலை. சில இடங்களில் அதுவும் இல்லை. ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பார்கள். வினிதா வந்த பிறகு, முதல் பந்திக்கு முன்னாலேயே வேலைக்காரர்களுக்குச் சூடாகப் பரிமாற வேண்டும் என்பதைச் சமையல்காரரிடம் பேசும்போதே முடிவுசெய்துவிடுவாள். அபிஷேக் இரண்டுமுறை முணுமுணுத்தான். சாப்பிடாதவன் கட்டுகிற பந்தலில் நீங்கள் போய் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

செங்கல்பட்டுப் பந்தல்காரர் உலகநாதன், கோவளத்தில் அழகுக்கலை படித்து மணப்பெண் அலங்காரம் செய்யும் ஹெலன், இன்னும் சிலர் அப்படித்தான் அவளோடு சேர்ந்தார்கள். வேலை அபிஷேக்குடையது, ஆட்கள் வினிதாவுடையவர்கள் என்று ஆகிப்போனது. அது அபிஷேக்குக்கும் தெரியும்.

போன தை மாதம் அந்தக் கல்யாணம் வந்தது. சென்னைக் குடும்பம். மணப்பெண்ணின் அம்மாவுக்கு அபிஷேக் கணினியில் ஒரு படம் வரைந்து காட்டியிருந்தான்: வெள்ளைப் பந்தல், வெள்ளை மணல், அதற்கப்பால் கடல். வேறு ஒன்றுமே கிடையாது. உண்மையில் அந்த ரிசார்ட்டின் எதிரில் குப்பத்துப் படகுகள் வரிசையாக நிற்கும். வலை காயும். கரையில் ஏலம் நடக்கும். அந்த அம்மா நேரில் வந்து பார்த்துவிட்டு, படகெல்லாம் படத்தில் வரக்கூடாது, கவுச்சி வாடையும் வரக்கூடாது என்றார். அபிஷேக் வழக்கம்போலச் சரி என்றான். பிறகு வினிதாவைக் கூப்பிட்டு, உன் ஊர்தானே, பேசி முடித்துவிடு என்றான்.

அவளுக்கு அங்கேயே முகம் கடுத்தது. தன் ஊர்க்காரர்களிடமே போய் உங்கள் படகை எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? மாட்டேன் என்றாள். ரிசார்ட்காரர்கள் ஏற்கெனவே ஊரைப் பற்றிப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஒருநாள் விட்டுக்கொடுத்தால் பின்னால் ஊருக்கு நல்லது என்று அபிஷேக் மெல்ல மெல்லப் பேசினான். கடைசியில் அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். படகுகளைத் தள்ளுவதற்கு ரிசார்ட் டிராக்டர் அனுப்ப வேண்டும். தண்ணீர் ஓரமாக மீன்காரப் பெண்கள் போய்வரும் வழியை மறிக்கக் கூடாது. இரண்டுக்கும் அபிஷேக் தலையாட்டினான்.

குப்பத்துத் தலைவர் காத்தவராயன், குப்பம்மாவின் அண்ணன். அம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியபோது அவர்தான் கேள்வி கேட்டார். படகுகளை ரிசார்ட்டுக்கு வடக்கே தள்ளினால் அன்றைக்கு ஏலமும் அங்கேதான் நடக்கும். பெண்கள் கூடையோடு தெற்கே வரவேண்டுமானால் ரிசார்ட்டின் எதிரில்தான் நடந்தாக வேண்டும். சாலையைச் சுற்றி வந்தால் வெயிலில் மீன் கெட்டுவிடும். வழி திறந்திருக்கும் என்று வினிதா சொன்னாள்.

"இது யார் வாக்கு? அந்த மெட்ராஸ்காரன் வாக்கா, உன் வாக்கா?" என்றார் காத்தவராயன்.

"என் வாக்குதான் மாமா."

"அப்ப சரி" என்று எழுந்துவிட்டார்.

கல்யாணத்தன்று விடிவதற்குள் படகுகள் வடக்கே போயிருந்தன. காற்றுக்குத் தகுந்தபடி உலகநாதன் பந்தலைத் தாழ்வாக இழுத்துக் கட்டியிருந்தார். வேலைக்காரர்கள் இட்லி, பொங்கல் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அலங்கார அறையில் மணப்பெண்ணின் ரவிக்கைக் கொக்கி அறுந்துவிட்டது. ஹெலன் அவளை அசையாமல் நிற்கவைத்துத் தைத்துக்கொண்டிருக்க, வினிதா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே அபிஷேக் பந்தலின் இரண்டு பக்கமும் தண்ணீர் வரைக்கும் கம்பு நட்டுக் கயிறு கட்டச் சொன்னான். வினிதாவுக்குத் தெரியுமா என்று உலகநாதன் கேட்டிருக்கிறார். தெரியும் என்று அபிஷேக் சொல்லியிருக்கிறான். அசிங்கமாகத் தெரியாமலிருக்கக் கயிற்றில் பூவையும் சுற்றினார்கள். இரண்டு முனையிலும் கறுப்புச் சட்டை போட்ட பவுன்சர்கள் நின்றார்கள்.

மேளச் சத்தம் தொடங்கியது. மணப்பெண்ணை மேடைக்கு அனுப்பிவிட்டு வினிதா வெளியே வந்தபோது, காதில் மாட்டியிருந்த கருவியில் அபிஷேக்கின் குரல் கேட்டது.

"வினிதா, பீச் பக்கம் ஒரு மீன்காரம்மா நிக்கிறாங்க. ட்ரோன் ஷாட்ல விழுறாங்க. பொண்ணோட அம்மா வாடை வருதுங்கிறாங்க. பவுன்சர் சொன்னாலும் நகரல. நீ லோக்கல்தானே, பேசி அனுப்பிடு."

அவள் மணலில் இறங்கி வேகமாக நடந்தாள். முதலில் கண்ணில் பட்டது கயிறு. பூச் சுற்றிய அந்தக் கயிறு அலை வரைக்கும் போய்த் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. ரத்தம் தலைக்கு ஏறியது. அம்மன் கோயில் வாசலில் தான் சொன்ன வார்த்தையை எடுத்து எவனோ மிதித்தது போலிருந்தது. அபிஷேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்தப் பெண்ணை அனுப்பி வைப்போம் என்று நெருங்கினாள்.

நின்றது குப்பம்மா.

பவுன்சர் கூடையின் விளிம்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான். கூடை சாய்ந்து இரண்டு மூன்று மீன்கள் மணலில் விழுந்திருந்தன. ஒரு கையால் கூடையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் குப்பம்மா அவனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடைகளோடு காத்திருந்தார்கள். மகளைப் பார்த்ததும் குப்பம்மாவின் கை தளர்ந்தது. கோட்டையும் கழுத்தில் தொங்கிய அட்டையையும் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டேன் மேடம். போயிடறேன்" என்றாள்.

வினிதாவுக்கு அந்த ஒரு நொடியில் ஒன்றும் புரியவில்லை. அம்மா விளையாடுகிறாளோ என்றுகூட நினைத்தாள். பவுன்சர் விளிம்பை இன்னும் விடாமலிருக்க, குப்பம்மா கூடையைத் தலையில் தாங்கியபடியே குனிந்து விழுந்த மீனைப் பொறுக்கினாள். தன்னை யாரென்று தெரியாதவள் போல, தன் மகளை யாரென்று தெரியாதவள் போல, திரும்பி வந்த வழியே போகப் பார்த்தாள். அப்போதுதான் வினிதாவுக்கு விளங்கியது. மகளின் வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று பெற்றவள் பெறாதவளாக நின்றுகொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்ததைப் பற்றி உலகநாதன் இன்றைக்கும் சொல்வார். அந்தப் பெண் கத்துவாள் என்று எதிர்பார்த்தாராம். அவள் கத்தவில்லை.

"அந்தக் கூடையிலேர்ந்து கையை எடு" என்றாள் பவுன்சரிடம்.

"மேடம், அபிஷேக் சார்தான் யாரையும் விடக்கூடாதுன்னு..."

"எங்க அம்மா அது. கையை எடு."

அவன் எடுத்துவிட்டான். வினிதா பந்தல் பக்கம் திரும்பி உலகநாதனைக் கூப்பிட்டாள்.

"அண்ணாத்த, இந்தக் கயித்த அவுருங்க. ரெண்டு பக்கமும்."

உலகநாதன் ஏன் என்று கேட்கவில்லை. தன் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். கட்டியவர்களே அவிழ்த்தார்கள். பூ மணலில் விழுந்து அலையில் போனது. இன்னொரு பவுன்சர் ஓடிவந்தான். பந்தல் ஆட்கள் நாலைந்து பேர் கையில் கம்புகளோடு நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். காதுக் கருவியில் அபிஷேக் என்னமோ சொல்லிக்கொண்டேயிருந்தான். வினிதா அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அம்மாவின் தலையிலிருந்து கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மீன் தண்ணீர் வடிந்து கோட்டின் தோளை நனைத்தது.

"வேணாம்டி. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் குப்பம்மா.

"பாக்கட்டும். நட."

பந்தலின் எதிரில், தண்ணீர் ஓரமாக, அவள் முன்னால் போக அம்மாவும் மற்றப் பெண்களும் பின்னால் நடந்தார்கள். நாதஸ்வரம் நிற்கவில்லை. முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் செல்போனை உயர்த்தினார்கள். மேலே ட்ரோன் சுற்றிக்கொண்டிருந்தது. மேடையில் மணப்பெண் மாலையை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தாளோ என்னவோ, வினிதாவுக்குத் தெரியாது. தாலி கட்டியதும் அந்த நேரத்தில்தான். கெட்டிமேளம் முழங்கும்போது அவர்கள் ரிசார்ட்டின் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

குப்பத்து மணலில் கால் வைத்ததும் குப்பம்மா கூடையைப் பிடுங்கிக்கொண்டாள். நன்றி சொல்வாள் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். வேலையைக் கெடுத்துக்கொண்டாயே, நான்தான் போகிறேன் என்றேனே, உனக்கு எதற்கு இந்தத் திமிர் என்று மகளைப் பிடித்து ஏசினாள். பதிலுக்கு வினிதாவும் ஏசியிருப்பாள். மற்றப் பெண்கள் நின்றதால் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் திரும்பிப் போனாள். கோட்டைக் கழற்றிக் குழாயடியில் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு கல்யாணத்தை முடித்துக் கொடுத்தாள். ஒப்புக்கொண்ட வேலை அது. அவளை நம்பி வந்த சமையல்காரர் இருந்தார், பூக்காரர் இருந்தார். பந்தி ஓடியது. படக்காரர் குடும்பப் படம் எடுத்தார். மணப்பெண்ணின் அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. கடைசி விருந்தாளியும் போன பிறகு, பாத்திரங்கள் கழுவும் இடத்துக்கு அருகில் அபிஷேக் வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயர் போய்விட்டது, வீடியோ எல்லாம் பாழ், அந்தக் குடும்பம் இனி யாருக்கும் தன்னைச் சொல்லாது என்று பொரிந்து தள்ளினான். பிறகு அவன் குரலைத் தணித்துக்கொண்டான். அதுவரை அவனுக்கு எதிரில் ஒருவிதமாகப் பொறுத்துக்கொண்டிருந்தவளை நிலை தடுமாறவைத்தது அந்தத் தணிந்த குரல்தான்.

"உங்க அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மரியாதையா கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருப்பேனே வினிதா. சொல்லாம விட்டது உன் தப்பு."

"என் அம்மான்னா வுட்டுருப்ப. பின்னாடி நின்னுகினு இருந்தாங்களே, அவங்க யாரு அம்மா?"

அவள் அவனை நீ என்று ஒருமையில் பேசியது அதுதான் முதல்முறை. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி ஒரு குண்டான்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஊரில் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. காத்தவராயன் வீட்டுக்கு வந்து, உன் வாக்கு என்று சொன்னாயே என்று மட்டும் கேட்டார். கயிற்றை அவிழ்த்தது பெரிதில்லை, கட்டும்போது நீ எங்கே இருந்தாய் என்றார். அந்தக் கேள்வி நியாயமானதாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. ஊர் கூடி, இனிமேல் எந்தக் கல்யாணத்துக்கும் படகை நகர்த்துவதில்லை என்று முடிவுசெய்தது. ரிசார்ட்டில் தோட்ட வேலையும் துப்புரவு வேலையும் பார்த்துக்கொண்டிருந்த குப்பத்தார் சிலரை ரிசார்ட் நிறுத்தியது. அந்த வீட்டுப் பெண்கள் வினிதாவைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உன் ரோஷத்துக்கு எங்கள் அடுப்பா அணைய வேண்டும் என்று ஒருத்தி வாசலிலேயே கேட்டாள். அவளிடமும் வினிதாவால் சண்டைக்குப் போக முடியவில்லை.

அபிஷேக் மற்ற ரிசார்ட்டுகளில் அவளைப் பற்றிப் பேசிவைத்திருந்தான். கல்யாண நேரத்தில் பிரச்சினை செய்கிறவள் என்று சொன்னால் போதாதா? ஒரு இடத்திலும் வேலை தரவில்லை. அவள் பொறுக்கி எடுத்த ஆட்களில் பாதிப்பேர் அபிஷேக்கோடு போனார்கள். அடுத்தடுத்து வேலை தருகிறவன் அவன். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஜெனரேட்டர்காரர் போன் எடுப்பதையே விட்டுவிட்டார். முதல் பந்திக்கு முன்னால் அவருக்குச் சாப்பாடு போடச் சொல்லி எத்தனை இடத்தில் சண்டை போட்டிருக்கிறாள். நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

உலகநாதன்தான் ஒருநாள் கூப்பிட்டார். அவருடைய சொந்தத்தில், செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம்; கல்யாணப் பெண்ணின் அப்பா ஜெகதீசன் லாரி ஓட்டுகிறவர். மண்டபம் பிடித்துவிட்டார், மற்றதெல்லாம் தலையும் தெரியவில்லை வாலும் தெரியவில்லை என்று நிற்கிறார். வந்து பார் என்றார். வினிதா போனாள். அங்கேயும் கோபப்பட வேண்டியதாகத்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சமையல்காரரைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தார்கள். ஜெகதீசன் அத்தனை பேருக்கும் சரி என்று தலையாட்டி வைத்திருந்தார். அவரை உட்காரவைத்து, யாருக்கு முடியாது என்று சொல்ல வேண்டுமோ அவருக்கு அவர் வாயாலேயே போனில் சொல்லவைத்தாள். மனிதர் வேர்த்துக்கொட்டினார். கல்யாணம் நன்றாக நடந்தது. அலங்காரத்துக்கு ஹெலன் வந்திருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கிராமத்திலிருந்தே இன்னும் இரண்டு வீட்டார் கூப்பிட்டார்கள். புதுப்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது.

அம்மாவோடு மட்டும் சரியாகவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோறு போடு, தண்ணீர் பிடி என்பதற்கு மேல் பேச்சில்லை. மேடம் என்ற அந்தச் சொல்லை வினிதாவால் விழுங்க முடியவில்லை. சித்திரையில் ஒரு மத்தியானம், விற்காத மீனை அம்மா சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள்.

"என்னைத் தெரியாத மாதிரி ஏன் நின்ன?"

குப்பம்மா செதிள் உரசுவதை நிறுத்தவில்லை. "உனுக்கு இன்னா கேடு வந்துடுமோன்னு பயம். வேற இன்னா?"

"எனுக்கு அதான் கேடு. அவன் கயிறு கட்னது கூட இல்ல."

குப்பம்மா கையை உதறிவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சாப்பாட்டு டப்பாவில் மீன்குழம்பு வைக்காதே, பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று அழுதது யார் என்று கேட்டாள். கல்லூரி வாசலுக்குக் கூடையோடு வராதே என்று சொன்னது யார்? இத்தனை வருடம் நீ சொன்னபடிதானே ஒதுங்கி நின்றேன், அன்றைக்கு மட்டும் புதிதாக ஒதுங்கினேனா என்றாள். வினிதா எழுந்து வெளியே போய்விட்டாள். கோபம் எல்லார் மேலும் இருந்தது. அன்றைக்குத்தான் அது தன் பக்கம் திரும்பியது. கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு மீதி மீனை அவள் அரிந்தாள். அன்றைக்கு இருவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

ஆவணியில் மாமல்லபுரத்திலிருந்து வேறொரு ரிசார்ட்காரர் அவளைக் கூப்பிட்டார். கடற்கரையில் கல்யாணம், மணவீட்டார் ஒரு படகுக்கு வண்ணம் பூசிப் பூ அலங்காரம் செய்து பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்த ஆசைப்படுகிறார்கள், உன் ஊரிலிருந்து ஒன்று ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டுக் காத்தவராயனைக் கேட்கவைத்தாள். அவர் சிரித்தார். படகு வேண்டும், படகுக்காரன் வேண்டாமா என்று கேள் என்றார். அவள் அப்படியே கேட்டாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ரிசார்ட்காரர் போனை வைத்துவிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

இப்போது வினிதா செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையற்கடையின் மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். இந்த வாரம் ஒரு வளைகாப்பு, அடுத்த வாரம் ஒரு கல்யாணம். நேற்று அந்த அறையில் நின்றபடி அவள் போனில் ஒரு பூக்காரரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். வாடிய மல்லிகையை ஐஸ் தண்ணீரில் முக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் அவர். வைத்த இடத்திலிருந்து அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய், சாயந்தரத்துக்குள் புதுப் பூவோடு வா, நான் மண்டபத்து வாசலிலேயே நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.